அரபு நூலோர் கண்ட ஸீலாவும் இன்றைய கொரியாவும்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அப்பாஸியக் கிலாபத்தின் அஞ்சல் துறையில் உயர் அலுவலராய் விளங்கிய இப்னு குர்தாத்பிஹ், வழிகளையும் நாடுகளையும் பற்றி ஒரு நூல் யாத்தார். 'அல்-மஸாலிக் வல்-மமாலிக்' என்பது அதன் பெயர். எவ்வூரிலிருந்து எவ்வூருக்கு எவ்வளவு தொலைவு, எங்கே எவ்வளவு வரி, எத்துறையில் எப்பொருள் கிடைக்கும் என்று கணக்கெழுதிச் செல்லும் அந்நூல், சீனத்தின் கோடியைத் தொட்டதும், அதற்கும் அப்பால் மலைகள் நிறைந்த ஒரு நாட்டைக் குறிப்பிடுகிறது. ஸீலா என்பது அந்நாட்டின் பெயர். அங்கே பொன் மிகுதி என்றும், அங்குச் சென்ற முஸ்லிம்கள் அந்நாட்டின் நலங்களைக் கண்டு அங்கேயே குடியமர்ந்துவிடுகின்றனர் என்றும் அவர் எழுதுகிறார். பின்வந்த அல்-மஸ்ஊதியும் இச்செய்தியை ஒட்டியே உரைக்கிறார். சிசிலித் தீவில் இருந்துகொண்டு 1154இல் தம் புவியியல் நூலை நிறைவு செய்த அல்-இத்ரீஸீயோ ஒரு படி மேலே சென்று, அந்நாட்டார் நாய்க்கும் பொன்னால் சங்கிலி செய்வர் என்று எழுதிவைத்தார்.

இந்த ஸீலாதான் கொரியத் தீபகற்பத்தில் கி.பி. 935 வரை ஆண்ட சில்லா அரசு. அரபு நூலோர் கூற்றில் மிகை உண்டு, முழுப்பொய் இல்லை. சில்லாவின் தலைநகராயிருந்த கியோங்ஜு நகரில் 1921ஆம் ஆண்டு முதல் அரசர் கல்லறைகளிலிருந்து பொன்முடிகள் வெளிப்பட்டன. அடுத்து வந்த கோரியோ அரசின் வரலாற்று ஏடுகள், 1024, 1025, 1040 ஆகிய ஆண்டுகளில் அரபு வணிகர் கூட்டமாக வந்திறங்கியதைப் பதிந்துள்ளன. கோரியோ என்னும் அப்பெயரே திரிந்து உலகோர் வாயில் கொரியா ஆயிற்று. பின்னர் 1427இல், செஜோங் மன்னர் காலத்தில், அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் தம் தனி உடையையும் வழக்கங்களையும் கைவிட்டு நாட்டாரோடு ஒன்றிவிடவேண்டும் என்று ஆணை பிறந்தது. அதன்பின் ஐந்து நூற்றாண்டுகள் அவ்வுறவு அறுந்து கிடந்தது.

அறுந்த இழையை மீண்டும் முடிந்தது அரபு மண்ணின் எண்ணெய். 1970களில் ஸஊதி அரேபியாவின் பாலைவனத்தில் சாலை போடவும் துறைமுகம் கட்டவும் கொரியர் வந்திறங்கினர். அதே ஆண்டுகளில், அதே மணலில், நம் ஊர்களிலிருந்து சென்ற தந்தையரும் தமையன்மாரும் வேலை செய்துகொண்டிருந்தனர். இன்று அந்நாடு உலகின் முன்னணித் தொழில் நாடுகளுள் ஒன்று. பொன்னும் எண்ணெயும் இல்லாத அம்மண் எவ்வாறு இந்நிலையை எய்திற்று? அதற்கு என்ன விலை கொடுத்தது? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே நாம் ஆராய விழைகிறோம். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்வது வரலாறாகாது.

நிலத்தின் அமைப்பு

தென் கொரியாவின் பரப்பு ஏறத்தாழ 1 இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டினும் சிறியது. அதிலும் பத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு மலை. எஞ்சிய பகுதியில்தான் வயல், வீடு, ஆலை, சாலை அனைத்தும் அடங்கவேண்டும். 5 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழவும் வேண்டும்.

தேபெக் மலைத்தொடர் கிழக்குக் கரையை ஒட்டி முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கிறது. ஆதலின் ஹான், கூம், நக்தோங் முதலிய பேராறுகள் மேற்கிலும் தெற்கிலும் சென்று கடலில் கலக்கின்றன. மேற்குக் கடல் ஆழமற்றது. அங்கே ஏற்றவற்றம் மிகக் கடுமை. தலைநகர் சியோலுக்குத் துறைமுகமான இஞ்சோனில் நீர்மட்டம் 9 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. கப்பல்கள் எந்நேரமும் வந்துபோக வேண்டி, அங்கே கடலைக் கதவிட்டு அடைத்து நீர்மட்டத்தை நிறுத்திவைக்கும் துறையை 1974இல் கட்டி முடித்தனர். தென்கிழக்குக் கரையோ ஆழ்ந்த குடாக்களும் குறைந்த ஏற்றவற்றமும் உடையது. பூசான், உல்சான், போஹாங், மாசான், சாங்வோன் என்னும் தொழில் நகரங்கள் அனைத்தும் அம்மூலையிலேயே குவிந்திருப்பதற்கு இதுவொரு காரணம். போர் எல்லையிலிருந்து தொலைவில் இருத்தலும், ஜப்பானுக்கு அண்மையில் இருத்தலும், நக்தோங் ஆற்றின் நீரும் பிற காரணங்கள்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் அடிமை நாடு. அக்காலத்தில் எழுந்த பெருந்தொழில்களும் நீர்மின் நிலையங்களும் பெரும்பாலும் வடபகுதியிலேயே அமைந்தன. 1945இல் 38ஆம் அட்சக்கோட்டில் நாடு பிளவுபட்டபோது, வயல்கள் மிகுதியும் தெற்கிலும் ஆலைகள் மிகுதியும் வடக்கிலும் ஆயின. 1948 மே 14 அன்று வடக்கு மின்சாரத்தை நிறுத்தியதும் தெற்கின் நகரங்கள் இருளில் மூழ்கின. அடுத்து 1950 ஜூன் 25 முதல் 1953 ஜூலை 27 வரை நிகழ்ந்த பெரும்போரில் சியோல் நகரம் நான்கு முறை கைமாறிற்று, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். போரின் முடிவில் தீபகற்பத்தின் குறுக்கே 4 கிலோமீட்டர் அகலத்தில் ஆளில்லா வெளியொன்று எஞ்சிற்று. அன்று முதல் தென் கொரியர்க்குத் தரைவழி இல்லை. நிலப்படத்தில் தீபகற்பம், நடைமுறையில் தீவு. உண்ணும் கோதுமையும் உருக்கும் இரும்பும் எரிக்கும் எண்ணெயும் கப்பலில்தான் வரவேண்டும். அவற்றிற்கு ஈடாகச் செய்பொருளும் கப்பலில்தான் போகவேண்டும். அந்நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் இவ்வொரு செய்தியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

உழவனுக்கு நிலம், பிள்ளைக்கு எழுத்து

கொரியாவின் எழுச்சியை 1961இல் படைத்தலைவர் பார்க் சுங் ஹீ ஆட்சியைக் கைப்பற்றிய நாளிலிருந்து தொடங்கிச் சொல்வது பலர் வழக்கம். அஃது அரைக்கதை. அதற்கு முன்னரே இரு செயல்கள் நிகழ்ந்துவிட்டன.

முதலாவது நிலச் சீர்திருத்தம். 1949இல் இயற்றி 1950இல் செயற்படுத்திய சட்டப்படி, ஒரு குடும்பம் ஏறத்தாழ 3 ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் வைத்திருத்தல் கூடாது. மிகுதி நிலம் அதை உழுத குத்தகைக்காரனுக்கே சேர்ந்தது. ஓராண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கை ஐந்தாண்டுகளில் அவன் செலுத்தினால் போதும். நிலக்கிழார்கள் பெற்ற பத்திரங்களின் மதிப்பைப் போர்க்காலத்து விலையேற்றம் விழுங்கிவிட்டது. நிலத்தைக் காத்துக்கொள்ள எண்ணிய சிலர், நாம் வக்ஃபு செய்வதை ஒத்த முறையில், அதைக் கல்வி அறநிலையங்களின் பெயரில் எழுதிவைத்தனர். அவர்கள் உள்ளத்தில் இருந்தது எதுவாயினும் பள்ளிகள் எழுந்தன.

இரண்டாவது கல்வி. 1945இல் அந்நாட்டாரில் நால்வரில் மூவர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜப்பானியர் தம் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழியையே விலக்கியிருந்தனர். விடுதலை பெற்றதும் செஜோங் மன்னர் 1446இல் தம் மக்களுக்கு வழங்கிய ஹங்குல் எழுத்து மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது. சீனத்தின் ஆயிரமாயிரம் குறிகளைக் கற்க ஒருவனுக்கு ஆண்டுகள் பல வேண்டும்; ஹங்குலின் 24 எழுத்துகளை உழவன் மகன் சில வாரங்களில் கற்பான். போர் நடந்த நாட்களிலும் பூசானில் கூடாரங்களை அடித்து அவற்றினுள் பாடம் நடத்தினர். ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த நமக்கு, அந்நாட்டின் உருக்காலைகளைக் காட்டிலும் இக்கூடாரங்களே பெருவியப்பைத் தருகின்றன. நிலம் பெற்ற உழவன் அதன் விளைச்சலைப் பிள்ளையின் படிப்பில் இட்டான். அப்பிள்ளைகளே பின்னாளில் ஆலைகளை நடத்தினர்.

சாலையும் உருக்கும் கப்பலும்

1962இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. வங்கிகளை அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. வெளிநாட்டுக்குப் பொருள் விற்றுக் காட்டும் நிறுவனத்துக்குக் குறைந்த வட்டியில் கடன். காட்டாத நிறுவனத்துக்குக் கதவடைப்பு. குடியரசுத் தலைவரே மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டத்தில் அமர்ந்து கணக்குக் கேட்டார். அந்நாளில் விற்பதற்கு என்ன இருந்தது? பட்டு, டங்ஸ்டன் தாது, கடற்பாசி, ஒட்டுப்பலகை, பெண்டிர் தம் கூந்தலை அறுத்துத் தந்ததால் செய்த பொய்முடி. இவற்றைக் கொண்டே 1964இல் ஏற்றுமதி 10 கோடி டாலரை எட்டிற்று. 1970இல் அது 100 கோடி. 1977இல் 1,000 கோடி.

சியோலையும் பூசானையும் இணைக்கும் 428 கிலோமீட்டர் விரைவுச் சாலையை 1968 பிப்ரவரியில் தொடங்கி 1970 ஜூலை 7 அன்று திறந்தனர். நாட்டில் ஊர்திகளே அரிதாயிருந்த அக்காலத்தில் இப்பெருஞ்செலவு எதற்கு என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆயினும் சாலை வந்தபின், தலைநகரின் சரக்கு நான்கைந்து மணி நேரத்தில் பூசான் துறைமுகத்தை அடைந்தது; ஆலைகள் அவ்வழியே கிளைத்தன. அவசரத்தில் கட்டிய அச்சாலைப் பணியில் 77 பேர் உயிரிழந்தனர். வழியோரத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

உருக்காலையின் கதை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இரும்புத் தாதும் நல்ல நிலக்கரியும் இல்லாத நாட்டுக்கு உருக்காலை எதற்கு என்று மேலை நாட்டார் கைவிரித்தனர். உலக வங்கியும் இசையவில்லை. எஞ்சியிருந்தது ஒரே பணம். 1965இல் ஜப்பானோடு உறவைப் புதுப்பித்த உடன்படிக்கையின்படி, 30 கோடி டாலர் கொடையும் 20 கோடி டாலர் அரசுக் கடனும் வந்துகொண்டிருந்தன. முப்பத்தைந்து ஆண்டு அடிமை வாழ்வுக்கு இதுவா ஈடு என்று மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பணம் அது. அதன் ஒரு பகுதியைப் போஹாங் கடற்கரையில் இட்டனர். முன்னோர் குருதியின் விலையால் எழும் ஆலை இது; தோற்றால் நாம் அனைவரும் அருகிலுள்ள கடலில் விழுந்து மாள்வதே தகும் என்ற கருத்தில் ஆலைத் தலைவர் பார்க் தே ஜூன் தம் ஆட்களிடம் பேசியதாகக் கூறுவர். 1973 ஜூனில் முதல் இரும்பு உருகி வழிந்தது.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். ஜப்பானியச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் கட்டாய வேலை செய்து நலிந்தோர்க்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் அப்பணத்திலிருந்து கிடைத்தது சிறிதே. நாட்டுக்கு ஆலை கிடைத்தது. நலிந்தவன் வெறுங்கையோடு நின்றான். அவ்வழக்குகள் இந்நூற்றாண்டிலும் நீதிமன்றங்களில் நடந்தன. 2018இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், ஜப்பானிய நிறுவனங்கள் அத்தொழிலாளர்க்கு இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தோரில் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

உருக்கு வந்தபின் கப்பல் வந்தது. ஹுண்டாய் நிறுவனத்தை நிறுவிய சுங் ஜூ யுங், கப்பல் கட்டும் தளமே இல்லாத நிலையில் 1971இல் இங்கிலாந்துக்குக் கடன் கேட்கப் போனார். கொரியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய ஆமைக் கப்பலின் படம் பொறித்த 500 வோன் பணத்தாளைக் காட்டித் தம் நாட்டாரின் திறத்தை அவர் எடுத்துரைத்தது ஊரறிந்த கதை. கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவர் இரண்டு எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆணை தந்தார். உல்சான் கரையில் ஒருபுறம் தளம் எழும்ப, மறுபுறம் அதே நேரத்தில் கப்பலும் எழும்பிற்று. 1974 ஜூனில் இரண்டும் ஒருங்கே நிறைவெய்தின.

சிற்றூர்களையும் மறக்கவில்லை. 1970இல் தொடங்கிய 'சேமவுல்' என்னும் புதுச்சிற்றூர் இயக்கத்தின்கீழ், 33,000க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஊருக்கு 335 மூட்டை சிமெண்டு கொடுத்து, ஊர்ப்பொதுவுக்குப் பயன்படுத்துக என்றனர். பாலமும் கிணறும் பாதையும் அமைத்துக் காட்டிய ஏறத்தாழ 16,000 ஊர்களுக்கு மறு ஆண்டில் 500 மூட்டையும் ஒரு டன் இரும்பும் கிடைத்தன. வீணடித்த ஊர்களுக்கு ஒன்றுமில்லை. கட்டாயமும் ஆட்சியாளர் புகழ்ச்சியும் அவ்வியக்கத்தில் கலந்திருந்தன என்பது உண்மையே. சிமெண்டு பாலமானதும் உண்மையே.

பாலைவனத்தில் கொரியர்

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது, சொட்டு எண்ணெயும் இல்லாத கொரியா தத்தளித்தது. எண்ணெய்க்காகப் போகும் டாலரை எண்ணெய் நாட்டிலேயே உழைத்து மீட்பது என்று முடிவு செய்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே ஒரு கொரிய நிறுவனம் ஸஊதியில் சாலைப் பணியொன்றைப் பெற்றது. ஜித்தாவில் குறித்த நாளுக்குள் வேலையை முடிக்க அவர்கள் இரவில் தீப்பந்தம் ஏற்றிவைத்து உழைத்ததைக் கண்டு மன்னர் ஃபைஸல் வியந்தார் என்பர். 1976இல் ஜுபைல் தொழில் துறைமுகப் பணி ஏறத்தாழ 93 கோடி டாலருக்கு ஹுண்டாயிடம் வந்தது. அத்துறைக்கு வேண்டிய பேரிரும்புச் சட்டங்களை உல்சானில் செய்து, தெப்பக் கப்பல்களில் ஏற்றி, இந்துப் பெருங்கடல் வழியே இழுத்துச் சென்றனர். 1983இல் லிபியாவின் பெருங்குழாய் ஆற்றுத் திட்டமும் ஒரு கொரிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1982 அளவில் மத்தியக் கிழக்கில் இருந்த கொரியத் தொழிலாளர் ஒன்றரை இலட்சம் பேர்.

அவ்வுறவின் அடையாளங்கள் சியோலில் இன்றும் உள்ளன. கொரியப் போரில் பங்கேற்ற துருக்கிப் படையின் இமாம்களால் இஸ்லாத்தை அறிந்த சிறு கூட்டத்துக்கு, அரசு இடமளிக்க, முஸ்லிம் நாடுகள் பொருளளிக்க, இதேவொன் குன்றின்மேல் 1976 மே மாதத்தில் பள்ளிவாசல் எழுந்தது. அடுத்த ஆண்டில் நகரின் பெருந்தெரு ஒன்றுக்குத் தெஹ்ரான் எனப் பெயர் சூட்டினர். தெஹ்ரானில் ஒரு தெரு சியோலின் பெயர் பெற்றது.

நாம் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த சிறுவயதில், ஜுபைலிலிருந்து விடுமுறையில் வந்த எம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கொரியரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். "அவங்க தனித்தனியா வர்றதில்லே, கம்பெனியே ஆளும் சாமானுமா வந்து இறங்கும், வேலை முடிஞ்சா கம்பெனியே கிளம்பிப் போயிடும்" என்பார். அன்று அது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றிற்று. இன்று எண்ணிப் பார்க்கையில் அவர் ஒரே தொடரில் ஒரு நாட்டின் பொருளியலைச் சொல்லிவிட்டார் என உணர்கிறோம்.

கொரியன் தன் நாட்டு நிறுவனத்தின் ஆளாகப் போனான். தச்சும் பற்றவைப்பும் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளியில் தேறிப் போனான். ஒப்பந்தம் முடிந்து திரும்பியபோது அவன் கூலி மட்டும் திரும்பவில்லை. பொறியும் பட்டறிவும், ஓர் உலக நிறுவனமும் அவனோடு திரும்பின. சியோலின் சுரங்க இருப்புப்பாதைகளும் பாலங்களும் அடுக்ககங்களும் அக்கைகளால் விரிந்தன. நம்மவர் பெரும்பாலும் தனியே போயினர். யாரோ ஒருவரின் விசாவில், யாரோ ஒருவரின் கம்பெனியில், கற்ற கைத்தொழிலுக்கும் கிடைத்த வேலைக்கும் தொடர்பின்றி உழைத்தனர். அனுப்பிய பணத்தில் ஓலைக்கூரை மாடியாயிற்று, தங்கையர் திருமணம் நடந்தது, பிள்ளைகள் படித்தனர், மதரஸாக்களும் கல்லூரிகளும் கூட எழுந்தன. இவற்றை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் இருபதாண்டு பாலையில் நின்றவர் திரும்பி வந்தபோது, அவர் கற்ற தொழிலைக் கொண்டு ஊரில் ஒரு பட்டறையேனும் எழுந்ததா என்று கேட்டால், பல ஊர்களில் விடை இல்லை. இது போனவரின் குற்றமன்று. அவர் பின்னே நிறுவனமும் இல்லை, பயிற்சிப் பள்ளியும் இல்லை, திரும்பியவரை வரவேற்கும் வங்கியும் இல்லை. குடும்பத்தைக் காக்கும் கடமையை அவர் செய்தார். அவர் ஈட்டியதை விதைநெல்லாக்கும் கடமை ஊருக்கும் அரசுக்கும் இருந்தது.

1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாயின் முதல் கார் வெளிவந்தபோது அவ்வரலாறு நம் வாயிற்படிக்கே வந்துவிட்டது. ஜுபைலில் நம்மவர் அருகே மணல் அள்ளிய நிறுவனம், நம் பிள்ளைகளுக்கு வேலை தரும் முதலாளியாக வந்தது.

கொடுத்த விலை

இத்துடன் முடித்தால் இது புகழ்மாலையாகிவிடும். சியோலின் பியோங்ஹ்வா சந்தையில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத தாழ்ந்த பரண்களில், தூசியை மூச்சாக்கிக்கொண்டு இளம்பெண்கள் நாளெல்லாம் ஆடை தைத்தனர். அவர்களோடு வேலை செய்த ஜோன் தே இல் என்னும் இளைஞர், தொழிலாளரைக் காக்க ஒரு சட்டம் ஏற்கெனவே இருப்பதை அறிந்தார். அச்சட்டநூலோ சீன எழுத்துகள் நிறைந்தது. படித்துப் பொருள் சொல்ல ஒரு கல்லூரி நண்பன் இல்லையே என்று அவர் ஏங்கினார். முறையீடுகள் பயனற்றுப் போகவே, 1970 நவம்பர் 13 அன்று, தொழிலாளர் எந்திரங்கள் அல்லர் என்று முழங்கித் தம் உடலில் தீ வைத்துக்கொண்டார். வயது 22. விரைவுச் சாலை திறந்த அதே ஆண்டு அது. 1977இல் ஜுபைல் முகாமில் கொரியத் தொழிலாளரே நிலைமை பொறாது கிளர்ந்தெழுந்தனர்.

தென்கிழக்கில் ஆலைகள் குவிய, தென்மேற்கின் நெல்வயல் நாடான ஜொல்லா பின்தங்கிற்று. அப்பகுதியின் குவாங்ஜு நகரம் 1980 மே மாதத்தில் படையாட்சிக்கு எதிராக எழுந்தபோது படைவீரர் சொந்த மக்களையே சுட்டனர். ஏழாண்டுகளுக்குப் பின், 1987 ஜூனில், நாடெங்கும் மக்கள் தெருவில் திரண்ட பிறகே குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. அவ்வுரிமையை ஆலைகள் தரவில்லை. ஆலைகளில் வேலை செய்தவரும் பள்ளிகளில் படித்தவரும் போராடிப் பெற்றனர்.

அவசரத்தின் கணக்கும் பின்னர் வந்தது. 1994 அக்டோபரில் ஹான் ஆற்றின்மேல் சோங்சு பாலம் இடிந்து 32 பேர் மாண்டனர். அவர்களுள் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த மாணவியரும் இருந்தனர். 1995 ஜூனில் சாம்பூங் பேரங்காடி சரிந்து 502 உயிர்கள் மண்ணில் புதைந்தன. வேகமாகக் கட்டும் திறத்தை உலகுக்கு விற்ற நாடு, கட்டியதைச் சோதித்துக் காக்கும் பொறுமையைத் தன் மக்களின் உயிரைக் கொடுத்துக் கற்றது.

இன்று அங்கே தலைக்கு ஆண்டு வருமானம் 36,000 டாலர் அளவில் உள்ளது. நுண்மின் சில்லுகளும் கப்பல்களும் கார்களுமாக 2024இல் 68,000 கோடி டாலருக்கு மேல் ஏற்றுமதி செய்தனர். ஆயினும் முதியோரில் ஐவரில் இருவர் வறுமையில் உள்ளனர். நாட்டைக் கட்டிய கைகள் அவை. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் சியோலையும் அதன் சூழலையும் மொய்த்துக் கிடக்க, சிற்றூர்ப் பள்ளிகள் பிள்ளையின்றி மூடுகின்றன. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி மகப்பேறு 0.72; உலகில் இத்துணைத் தாழ்ந்த அளவு அரிது. வீட்டு விலையும் படிப்புச் செலவும் வேலை நேரமும் இளையோரை மணத்துக்கே அஞ்சச் செய்துவிட்டன. கூடாரத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நாடு, இன்று பிள்ளைகள் இல்லாத வகுப்பறைகளைப் பார்த்து நிற்கிறது.

அந்நாட்டின் பொன்

1997இன் இறுதியில் ஆசிய நாடுகளைச் சூழ்ந்த பண நெருக்கடியில் கொரியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிற்று. அரசு பன்னாட்டு நிதியத்தின் முன் கையேந்தி நின்றது. பெருநிறுவனங்கள் சில குப்புற விழுந்தன. இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அப்போது, 1998 ஜனவரியில், மக்கள் வங்கிகளின் வாயிலில் வரிசையாக நின்றனர். பணம் எடுக்க நிற்கவில்லை. பொன் கொடுக்க நின்றனர். திருமண மோதிரம், குழந்தையின் முதலாண்டு நிறைவுக்கு உற்றார் இட்ட சிறு மோதிரம், விளையாட்டில் வென்ற பதக்கம் ஆகியவற்றைக் கொண்டுவந்து தந்தனர். ஏறத்தாழ 35 இலட்சம் பேர் தந்த பொன் 227 டன். அதன் மதிப்பு 200 கோடி டாலருக்குச் சற்று மேல். பட்ட கடனை நோக்க அது சிறிதே. ஆயினும் 2001 ஆகஸ்டில், குறித்த காலத்துக்கு முன்பாகவே நிதியத்தின் கடனை அந்நாடு தீர்த்துவிட்டது. கடனை வருவித்தவர் பெருமுதலாளிகள். மோதிரத்தைக் கழற்றியவர் எளியோர். இதையும் நாம் சேர்த்தே நினைக்கவேண்டும்.

இப்னு குர்தாத்பிஹ் ஸீலாவில் பொன் மிகுதி என்று எழுதினார். அப்பொன் சில்லா அரசரோடு கல்லறைக்குள் போய் ஆயிரம் ஆண்டுகள் எவருக்கும் பயன்படாமல் கிடந்தது. எளிய தாயொருத்தி தன் விரலிலிருந்து கழற்றித் தந்த அரைப் பவுனே அந்நாட்டைத் தூக்கி நிறுத்த உதவிற்று. நம் இல்லங்களிலும் பாலைவனத்து வியர்வையால் வந்த பொன் பெட்டிகளில் உறங்குகிறது. அதை எவரும் அரசுக்கு அள்ளிக் கொடுக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. மகனின் கைத்தொழிலாக, மகளின் உயர்கல்வியாக, ஊரின் ஒரு பட்டறையாக அதில் ஒரு பங்கேனும் மாறட்டும். அவ்வாறு மாறும்போது, அங்கே உழைப்பவரின் கூலியும் உயிரும் மலிவாய்ப் போகாதிருக்கட்டும். கொரியாவின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது முன்னது. தள்ளத்தக்கது, அவர்கள் அதற்காகக் கொடுத்த விலை.